பள்ளித் தோட்டத்திற்கு ஒரு மரவரப்பு

(வட்டார வள மையத்தில் நடைபெற்ற சுற்றுச்சூழல் மன்றப் பொறுப்பாசிரியர்கள் கூட்டத்தில், காவிரி டெல்டாப் பகுதியைச் சேர்ந்த நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை.)



"உங்கள் பள்ளித் தோட்டத்தின் மரவரப்பு நன்றாக இருக்கிறது, அதை எப்படி அமைத்தீர்கள் என்று சொல்லுங்கள்" எனக் கேட்டு என்னை இங்கே அழைத்திருக்கிறார்கள். சொல்கிறேன். ஆனால் இப்போது நீங்கள் பார்க்கிற வரப்பு நாங்கள் முதலில் அமைத்தது அல்ல. முதலில் அமைத்ததை நாங்களே பெயர்த்து எடுக்க வேண்டியதாயிற்று. அந்தத் தவறு என்னுடையது. அதைச் சொல்லாமல் அளவையும் ஆணியையும் மட்டும் சொன்னால், உங்களில் யாராவது ஒருவர் அதே தவறைச் செய்யக்கூடும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் ஊரில் நின்ற தென்னையைவிட விழுந்த தென்னை அதிகம். பள்ளியில் சுற்றுவேலி போயிற்று. பிள்ளைகள் போட்டிருந்த கீரைப் பாத்திகள் வெள்ளத்தில் கரைந்து மைதானத்தோடு மைதானமாயின. மீண்டும் பாத்தி போடும்போது மண்ணைக் குவித்து மட்டும் விடாமல், சுற்றிலும் கனமான கட்டைகளை வைத்து உயர்த்திக் கட்டலாம் என்று நினைத்தோம். எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் வடிய வழி கிடையாது. முக்கால் அடி உயர்த்திய பாத்தியில் வேர் அழுகாது. அந்த எண்ணம் சரியானதுதான்.

கட்டை எங்கே கிடைக்கும் என்று தேடினோம். பழைய இரும்பும் பழைய மரமும் விற்கும் கடை ஒன்றில், ரயில் தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த ஸ்லீப்பர் கட்டைகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஒரே அளவு, ஒரே கனம், நேராக அறுத்த விளிம்பு. "நூறு மழை பார்த்தாலும் ஒன்றும் ஆகாது சார்" என்றார் கடைக்காரர். முன்னாள் மாணவர் ஒருவர் பணம் கொடுத்தார். 2019 பிப்ரவரியில் இரண்டு பாத்திகளுக்கு வரப்பு அமைத்து, தண்டுக்கீரையும் அரைக்கீரையும் விதைத்தோம். மார்ச் மாதத்தில் இரண்டு முறை கீரை அறுத்தோம். இரண்டு முறையும் அது சத்துணவில் சேர்ந்தது.

மார்ச் கடைசியில் வெயில் ஏறியது. மீந்துபோன ஒரு துண்டுக் கட்டையைச் சமையற்கூடத்துக்குப் பக்கத்தில் போட்டிருந்தோம். அப்போது எங்கள் பள்ளியில் விறகு அடுப்புதான். அதை விறகாக எரித்துக்கொள்ளலாம் என்று நானே சமையலர் அம்மாவிடம் சொல்லியிருந்தேன். அவர் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "சார், இந்தக் கட்டை வேர்க்குது. இதை நான் அடுப்பில வைக்க மாட்டேன்" என்றார். போய்ப் பார்த்தேன். வெயில் பட்ட பக்கத்தில் கறுப்பாகப் பிசின் போல ஒன்று கசிந்து நின்றது. தார் போடும் சாலையில் வருமே, அந்த வாடை. தோட்டத்துக்கு ஓடிப் போய்ப் பார்த்தால், வரப்பிலும் அதே கசிவு. இரண்டு நாளுக்கு முன் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்கு முழங்காலுக்குப் பின்புறம் சிவந்து எரிகிறது என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பியிருந்தோம். அவன் மதிய இடைவேளையில் அந்த வரப்பின் மேல்தான் உட்கார்ந்து படிப்பான். அது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்தக் கட்டையில் என்ன இருந்தது?

மரத்தைச் செல்லும் பூஞ்சையும் அரிக்காமல் இருக்க ரயில்வே கட்டைகளில் ஏற்றப்பட்ட எண்ணெய்க்குக் கிரியோசோட் என்று பெயர். நிலக்கரியைக் காற்றில்லாமல் சூடாக்கினால் கரித்தார் கிடைக்கும் என்று அறிவியல் பாடத்தில் சொல்லித் தருகிறோம் அல்லவா, அந்தக் கரித்தாரைக் காய்ச்சி வடித்து எடுப்பது இது. அழுத்தத்தில் மரத்துக்குள் ஆழமாகச் செலுத்துவார்கள். அதனால் கட்டை முப்பது, நாற்பது ஆண்டு பழையதானாலும் எண்ணெய் உள்ளேயே இருக்கும். வெயில் ஏறினால் மேலே வரும். தோலில் பட்டு, அதன் மேல் வெயிலும் பட்டால் எரிச்சலும் சிவப்பும் உண்டாகும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்பு மிகுந்த பொருள்களின் பட்டியலில் கிரியோசோட்டை வைத்திருக்கிறது.

எல்லா ஸ்லீப்பர் கட்டையிலும் கிரியோசோட் இருக்கும் என்று சொல்ல முடியாது. தேக்கு, சால் போன்ற உறுதியான மரங்களை எண்ணெய் ஏற்றாமலும் பயன்படுத்தினார்கள். ஆனால் நாற்பது ஆண்டு கழித்து, கறுத்துப்போன ஒரு கட்டையைக் கடையில் பார்த்து, இது எந்த வகை என்று உங்களாலும் என்னாலும் சொல்ல முடியாது. எண்ணெய் ஏற்றாத கட்டையாகவே இருந்தாலும், அதன் மேல் எஞ்சின் எண்ணெயும் கிரீசும் சொட்டியிருக்கும். ரயில் பெட்டிகளின் கழிவறைகள் பல ஆண்டுகளாக நேரே தண்டவாளத்தில்தான் திறந்திருந்தன என்பதையும் நாம் அறிவோம். கீரைப் பாத்தியைச் சுற்றி வைக்க வேண்டிய பொருளா அது?

வரப்பைப் பெயர்த்தோம். கட்டையை ஒட்டி இருந்த மண்ணையும் வெட்டி அப்புறப்படுத்தினோம். நின்ற கீரையை யாருக்கும் கொடுக்கவில்லை. கடைக்காரர் கட்டைகளைத் திரும்ப எடுத்துக்கொள்ள மறுத்தார். இன்னொருவருக்கு விற்க எங்களுக்கு மனம் வரவில்லை. எரித்தால் புகை நஞ்சு. அந்தக் கட்டைகள் இன்றும் ஒரு பூட்டிய பழைய கொட்டகைக்குள் கிடக்கின்றன. அந்த மாணவனுக்குச் சில நாளில் குணமாகிவிட்டது. கீரை சாப்பிட்ட யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்பதால் நான் செய்தது சரியாகிவிடாது. பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னேன். அதைவிடக் கடினமான கூட்டம் என் பணிக்காலத்தில் இல்லை.

ஆகவே வரப்பு அமைப்பதில் முதல் வேலை அளவெடுப்பது அல்ல, ஒரு கேள்வி கேட்பது: இந்தக் கட்டை இதற்கு முன்னால் எங்கே இருந்தது? பதில் தெரியாத கட்டை பள்ளி வாசலுக்குள் வரக்கூடாது.

எந்த மரத்தை எடுக்கலாம்?

அந்த நாளில் ஊரெல்லாம் தென்னை மரம் விழுந்து கிடந்தது. அதைத் தாண்டிப் போய்க் காசு கொடுத்து நான் ஸ்லீப்பர் கட்டை வாங்கியிருக்கிறேன்! கூட்டத்தில் ஒரு பெரியவர் இதைத்தான் கேட்டார்: "வாத்தியாரே, வாய்க்காலுக்கு மேல தென்னங்கட்டையைப் போட்டுத்தானே நாம நடக்குறோம். வரப்புக்கு அது ஆகாதா?"

ஆகும். ஆனால் எந்தத் தென்னை என்று பார்க்க வேண்டும். முற்றிய மரத்தின் அடிப்பகுதியில் வெளிச்சுற்று இரும்பு போல இருக்கும். நடுவில் சோறு போன்ற மென்பகுதி. அது சீக்கிரம் மக்கும். விழுந்து பல மாதம் ஆன மரங்களில் காண்டாமிருக வண்டின் புழுக்கள் இருக்கும். அப்படிப்பட்ட கட்டையைக் கொண்டுவந்தால் நிற்கிற தென்னைக்கும் கேடு. அந்தப் பெரியவரே தட்டிப் பார்த்து, வெட்டிப் பார்த்து, நல்ல மரங்களைத் தேர்ந்து கொடுத்தார். அடிமரத்தை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, உள்சோற்றைச் செதுக்கி எடுத்துவிட்டோம்.

தென்னை நிரந்தரம் அல்ல. கொரோனாவுக்குப் பிறகு 2021 நவம்பர் 1 அன்று நமது பள்ளிகள் சிறு வகுப்புகளுக்குத் திறந்தன அல்லவா, அன்று போய்ப் பார்த்தால் தண்ணீர் தேங்கும் பக்கத்தில் ஒரு கட்டைக்குள் விரல் இறங்கியது. மறு ஆண்டு அவற்றை மாற்றினோம். ஒரு பெற்றோரின் கொல்லையில் காற்றில் சாய்ந்த வேப்பமரத்தை மரவாடியில் எட்டு அங்குல உயரம், ஆறு அங்குல கனத்தில் சட்டமாக அறுத்து வாங்கினோம். நீங்கள் பார்க்கிற வரப்பு அதுதான். வேம்பு, கருவேலம், வேங்கை ஆகியவற்றின் வைர மரம் மண்ணில் நன்றாகத் தாங்கும். சீமைக் கருவேலம் கோணலாக இருக்கும். வரப்புக்கு நீளமாகக் கிடைக்காது. ஆனால் முளைக்குச்சி அடிக்க அதைவிட நல்ல மரம் இல்லை. வெட்ட வேண்டிய மரமும் அதுவே.

சில எச்சரிக்கைகளையும் சேர்த்துச் சொல்கிறேன். பள்ளி வளாகத்து மரம் தானாக விழுந்திருந்தாலும், அதை முறையான அனுமதி இல்லாமல் அறுக்கக் கூடாது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். தொழிற்சாலைகளில் இருந்து வரும் சரக்குப் பலகைகளை எடுப்பதானால் அதிலுள்ள முத்திரையைப் பாருங்கள். எச்.டி. என்றிருந்தால் சூடேற்றிப் பதப்படுத்தியது. எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப்புகை போட்டது, வேண்டாம். முத்திரையே இல்லாவிட்டாலும் வேண்டாம். பச்சை சாயல் ஏறிய பதப்படுத்திய மரத்தில் செம்பு, குரோமியம், ஆர்செனிக் கலந்த மருந்து இருக்கலாம். செல் அரிக்காமல் இருக்க வண்டியில் வடித்த கழிவு ஆயிலைப் பூசும் பழக்கம் நம் ஊர்களில் உண்டு. வீட்டு வேலிக்கு எப்படியோ, பள்ளிப் பாத்திக்குக் கூடவே கூடாது. பழைய கதவு, ஜன்னல் சட்டங்களின் பெயின்டில் ஈயம் இருக்கலாம். வேப்பெண்ணெய் பூசலாம். ஆண்டுக்கு ஒரு முறை பூச வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

அளவும் அமைப்பும்

பாத்தியின் அகலத்தைப் பெரியவர்கள் நான்கடி என்பார்கள். குழந்தைகளுக்கு மூன்றடியே போதும். ஒரு பக்கத்தில் இருந்து ஒன்றரை அடிதான் அவர்கள் கை எட்டும். எட்டாவிட்டால் பாத்திக்குள் காலை வைப்பார்கள், மண் இறுகும். நீளம் எட்டடி வைத்தோம். இரண்டு பாத்திக்கு நடுவே குறைந்தது மூன்றடி வழி விடுங்கள், சக்கர நாற்காலியும் போக வேண்டும். நாள்தோறும் ஆறு மணி நேரமாவது வெயில் விழும் இடமாகப் பாருங்கள். வகுப்பறைச் சுவரை ஒட்டி வேண்டாம். மரத்துக்கு வரும் செல் சுவருக்கும் ஏறும்.

மூலைகளைச் செங்கோணமாக்க மூலைமட்டம் தேவையில்லை. ஒரு முளையில் இருந்து ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் நான்கடி குறித்து, இரண்டு குறிக்கும் இடையே ஐந்தடி வந்தால் அது செங்கோணம். பித்தாகரஸ் தேற்றத்தைக் கரும்பலகையில் எழுதியபோது கேட்காத கேள்விகளை எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். கடைசியில் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். எட்டுக்கு மூன்று செவ்வகத்தில் இரண்டும் எட்டடி ஆறரை அங்குலம் வர வேண்டும். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் பாத்தி சாய்ந்திருக்கிறது.

எவ்வளவு கட்டை தேவை என்று ஆறாம் வகுப்பைக் கேட்டேன். சுற்றளவு 22 அடி என்று உடனே சொன்னார்கள். மரவாடிக்குப் போகும் முன் கட்டையின் கனம் அரை அடி என்பதைச் சொல்லி, தரையில் வரைந்து பார்க்கச் சொன்னேன். நெடும்பக்கக் கட்டைகள் மூலையை மூட வேண்டும் என்றால் ஒன்பதடி நீளம் இரண்டு, மூன்றடி நீளம் இரண்டு, ஆக 24 அடி. இன்னொரு குழு குறும்பக்கத்தை நீட்டி வரைந்தது. எட்டடி இரண்டு, நான்கடி இரண்டு. அதுவும் 24 அடிதான்! எப்படி வைத்தாலும் ஏன் அதே அளவு வருகிறது என்று அவர்களே அடுத்த வகுப்பு முழுவதும் வாதிட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

இனி வேலை. கயிறு கட்டிய கோட்டில் ஓர் அங்குல ஆழத்துக்குப் பள்ளம் எடுத்து, அதில் சின்ன ஜல்லியைப் பரப்பி இடித்து விடுங்கள். கட்டை நேரே ஈர மண்ணில் உட்காராமல், தண்ணீர் வடிந்து போகும். அதன் மேல் கட்டையை வைத்து மட்டம் பாருங்கள். ரசமட்டம் இல்லையென்றால் கொத்தனார்கள் வைத்திருக்கும் தண்ணீர்க் குழாய் போதும். குழாயின் இரு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்பதைப் பார்ப்பது அறிவியல் பாடமும் ஆகும். மட்டம் தவறினால் தண்ணீர் முழுவதும் ஒரு மூலைக்கு ஓடும், அந்த மூலைக் கட்டைதான் முதலில் மக்கும். எங்கள் தென்னங்கட்டை அப்படித்தான் போனது.

கனமான கட்டைதானே, தானாக நிற்காதா என்று கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டு, மூன்று, முக்கால் மூன்றையும் பெருக்கினால் 18 கன அடி மண். ஈரமான தோட்டக் கலவை ஒரு கன அடி சுமார் 40 கிலோ வரும். ஏறத்தாழ 720 கிலோ மண் உள்ளிருந்து கட்டைகளை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால் வெளிப்பக்கத்தில் இரண்டடிக்கு ஒரு முளை அடிக்க வேண்டும். இரண்டடி நீளச் சீமைக் கருவேல முளையில் ஒன்றரை அடி மண்ணுக்குள் போக வேண்டும். முளையின் மண்டை கட்டையின் மேல்விளிம்புக்குக் கீழே இருக்க வேண்டும், உருட்டிச் செதுக்கியிருக்க வேண்டும். ஓடி வருகிற பிள்ளை விழுந்தால் குத்தக்கூடாது. முளையைக் கட்டையோடு திருகாணியால் பிணையுங்கள். கட்டுக்கம்பியால் கட்டினால் அதன் முனை கையைக் கிழிக்கும். மூலையில் ஒரு கட்டையின் மேல்பாதியையும் இன்னொன்றின் கீழ்ப்பாதியையும் அறுத்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினால் இன்னும் உறுதி. தச்சருக்கு அது சிறு வேலை. அப்படிச் செய்வதானால் கட்டை நீளம் வேறு, மறுபடி கணக்குப் போடச் சொல்லுங்கள்!

கட்டையின் அடிவிளிம்பில் மூன்றடிக்கு ஒன்றாக விரல் நுழையும் அளவு துளை விடுங்கள், மழைநீர் வெளியேறட்டும். பாத்தியின் அடியில் பிளாஸ்டிக் விரிக்காதீர்கள். அடியில் மூடினால் அது தொட்டியாகிவிடும். மேல்விளிம்பை இழைத்து, உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். சிராய் இருந்தால் முதலில் ஏறுவது ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கையில்தான்.

மண்ணுக்கு நாங்கள் செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு கலந்தோம். சாந்துச்சட்டி ஒன்றில் எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று தண்ணீர் ஊற்றி அளந்தார்கள், பத்து லிட்டர். 18 கன அடி என்பது சுமார் 510 லிட்டர். ஆகவே 51 சட்டி. எண்ணிக்கொண்டே கொட்டினார்கள். தொழுவுரம் பொதபொதவென்று இருந்ததால் மண் அமர்ந்தது, இன்னும் ஆறு சட்டி தேவைப்பட்டது. ஏட்டுக் கணக்கும் மண் கணக்கும் ஏன் வேறுபடுகின்றன என்பது மறுநாள் பாடம். உயர்த்திய பாத்தி கோடையில் சீக்கிரம் காயும். மேலே வைக்கோலைப் பரப்பி மூடாக்குப் போடுங்கள்.

யார் செய்ய வேண்டும், யார் செய்யக் கூடாது

இதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். கட்டை தூக்குவது, பிளப்பது, அறுப்பது, துளையிடுவது, முளை அடிப்பது எல்லாம் பெரியவர்கள் வேலை. அளப்பது, கயிறு பிடிப்பது, வரைவது, கணக்குப் போடுவது, மண் கலப்பது, விதைப்பது, குறிப்பேட்டில் எழுதுவது பிள்ளைகள் வேலை. ஆறு அங்குலம், எட்டு அங்குலம் கொண்ட ஒன்பதடி வேப்பங்கட்டை மூன்று கன அடி. அதன் எடை ஒரு பெரியவரின் எடையைவிட அதிகம். அதைத் தூக்க நான்கு பேர் வேண்டும். அந்த நான்கு பேரும் பெற்றோர்களாகவோ ஊர்க்காரர்களாகவோ இருக்கட்டும். கிடக்கிற கட்டையைப் புரட்டும் முன் கம்பால் தட்டுங்கள். தேளும் பாம்பும் அடியில் இருக்கும். மரம் யார் கொடுத்தது, இதற்கு முன் எங்கே இருந்தது, என்ன பூசியிருக்கிறது என்ற மூன்றையும் பள்ளி மேலாண்மைக் குழுப் பதிவேட்டில் எழுதி வையுங்கள். நாளை நாம் மாறுதலில் போய்விடுவோம், வரப்பு அங்கேயே இருக்கும்.

சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கும் இதில் பாடம் உண்டு. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோடுக்கு ஓடியது. அதே 1856இல்தான் சென்னை மாகாணத்துக்குக் காடுகளின் காப்பாளராக கிளெக்கார்ன் நியமிக்கப்பட்டார். இரண்டும் ஒரே ஆண்டில் வந்தது ஏன், ஒரு மைல் தண்டவாளத்துக்கு எத்தனை கட்டை, எத்தனை மரம் என்று கேட்டுப் பாருங்கள். இன்று பெரும்பாலான பாதைகளில் கான்கிரீட் கட்டைகள்தான் கிடக்கின்றன. பழைய மரக்கட்டைகள் கடைகளுக்கு வந்த வழி அது.

இவ்வளவு பாடுபட்டு மரத்தில் ஏன் அமைக்க வேண்டும், செங்கல் போதாதா என்று கேட்கலாம். போதும். செங்கல் வரப்பு அமைத்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் பள்ளியில் காலிபர் அணிந்த ஒரு சிறுமி படித்தாள். தரையில் குந்தி உட்கார அவளால் முடியாது. மரவரப்பின் மேல் உட்கார்ந்து, கையை நீட்டி அவளே கத்தரி நாற்று நட்டாள். அதற்கு முன் தோட்ட நேரத்தில் அவளுக்குக் குறிப்பேடு எழுதும் வேலைதான் கொடுத்திருந்தோம். பிள்ளைகள் உட்காரும் இடம் அது, சாய்ந்து கை வைக்கும் இடம், அதற்குள் விளைவதை உண்ணும் இடம். அதனால்தான் அந்தக் கட்டை எங்கிருந்து வந்தது என்பது இவ்வளவு முக்கியமாகிறது.

இப்போது எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு பழக்கம் வந்திருக்கிறது. பள்ளிக்கு எந்தப் பொருள் வந்தாலும், வண்டியில் இருந்து இறக்கும் முன்பே ஒருவராவது கேட்டுவிடுகிறார்கள்: "சார், இது இதுக்கு முன்னாடி எங்க இருந்துச்சு?" சென்ற மாதம் ஒரு நண்பர் பழைய ரசாயன டிரம் ஒன்றைத் தண்ணீர் பிடித்து வைக்கக் கொண்டுவந்தார். ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி அதையே கேட்டாள். அவரால் பதில் சொல்ல முடியவில்லை. டிரம் வந்த வண்டியிலேயே திரும்பிப் போனது.

அந்தக் கேள்வியை எங்களுக்கு முதலில் சொல்லிக் கொடுத்தவர் சமையலர் அம்மா. "கட்டை வேர்க்குது, அடுப்பில வைக்க மாட்டேன்" என்று ஒரு தலைமையாசிரியரிடம் சொல்ல அவருக்குத் துணிவு இருந்தது. உங்கள் பள்ளியிலும் அப்படி ஒருவர் இருப்பார். வரப்புக்கு இடம் குறிக்கும் நாளில் அவரையும் கூப்பிடுங்கள்.